தொட்டியின் அடியில் தங்கும் நீர்

நாணல்தண்டு ஆர்க்கிட்டைத் தரையில் நட்டுவிட்டு மறந்துபோனாலும் அது பிழைத்துக்கொள்கிறது. அதே தோட்டத்து மண்ணை வாரித் தொட்டியில் நிரப்பி, அதே செடியின் ஒரு கிளையை நட்டு, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினால் அழுகிப்போகிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் செடி வளர்ப்பவர்கள் பலருக்கும் பழக்கமான புதிர் இது. மண்ணும் செடியும் வெயிலும் மழையும் ஒன்றுதான். மாறியது தொட்டி மட்டும். செடிக்கு எந்தக் கலவை ஏற்றது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், ஒரு கை மண் தரையில் இருக்கும்போதும் தொட்டியில் இருக்கும்போதும் ஏன் இருவேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பாறையிலும் சாலையோரத்திலும்

எபிடெண்ட்ரம் என்ற பெரிய ஆர்க்கிட் பேரினத்தில், மெலிந்து நீண்ட தண்டும் அதன் இருபுறமும் மாறிமாறி அமைந்த தடித்த இலைகளும் கொண்ட பிரிவுதான் இந்த நாணல்தண்டு வகை. தண்டின் உச்சியில் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் சிறு பூக்கள் கொத்தாக மலர்கின்றன. ஒரு கொத்து மாதக்கணக்கில் நீண்டுகொண்டே பூக்கும். எபிடெண்ட்ரம் ராடிகன்ஸ் மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரை பரவியிருக்கிறது. எபிடெண்ட்ரம் இபாகுவென்ஸ் கொலம்பியாவின் இபாகே நகரத்தின் பெயரைத் தாங்கியது. தோட்டங்களில் இன்று காணப்படுபவை பெரும்பாலும் கலப்பினங்கள். அவற்றில் மூத்ததான எபிடெண்ட்ரம் ஓப்ரையனியானம் 1888இல் இங்கிலாந்தின் வீச் நர்சரியிலிருந்து வெளிவந்தது.

ஆர்க்கிட் என்றதும் மரக்கிளையில் தொற்றி நிற்கும் செடிதான் நினைவுக்கு வரும். நாணல்தண்டு வகைகளில் பல அப்படி வாழ்வதில்லை. சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு, பாறை இடுக்கு, புல் மண்டிய மேடு என வெயில் நேராக விழும் இடங்களில் அவை வேர்விடுகின்றன. மத்திய அமெரிக்கச் சாலையோரங்களில் ராடிகன்ஸ் தனியாக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் காடெங்கும் பரவிவிட்ட உண்ணிச்செடியும், எருக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செந்நிறப் பூச்செடியும் அதே இடத்தில் கலந்து வளர்கின்றன. மூன்றின் பூக்களும் சிவப்பும் மஞ்சளுமாக ஒத்த தோற்றம் கொண்டவை. தேன் தராத இந்த ஆர்க்கிட், தேன் தரும் மற்ற இரண்டின் சாயலில் பூத்து வண்ணத்துப்பூச்சிகளை ஏமாற்றுகிறதா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள்.

கலவையைத் தேர்ந்தெடுப்பவர் இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சரிவின் தரையை. கல்லும் சரளையும் மக்கிய இலையும் மேலோட்டமாகக் கிடக்கும் இடம் அது. மழை அடிக்கடி பெய்யும். பெய்த நீர் சில நிமிடங்களில் வழிந்துவிடும். வேர்களில் பாதி மண்ணுக்கு வெளியிலேயே இருக்கும். தண்டின் கணுக்களிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வெள்ளை வேர்கள் கல்லைத் தொடும் வரை காற்றில்தான் வளர்கின்றன.

வேருக்கு ஒரு போர்வை

அந்த வேரை வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். நடுவில் மெல்லிய, உறுதியான இழை. அதைச் சுற்றி வெண்மையான ஓர் உறை. இந்த உறையை வேர்ப்போர்வை எனலாம். தாவரவியலார் வெலமன் என்பார்கள். உள்ளீடு இல்லாத இறந்த செல்கள் பல அடுக்குகளாக அமைந்து உருவானது அது. மழை பட்டதும் சில நொடிகளில் ஊறிவிடும். ஊறியவுடன் வெண்மை மங்கி, உள்ளிருக்கும் பசுமை தெரியத் தொடங்கும். பிடித்த நீரை உடனே விட்டுவிடாமல் வைத்திருந்து உள்ளே அனுப்பும். மழையின் முதல் துளிகள் மரப்பட்டையையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும் என்பதால் தாது உப்புகள் அவற்றில்தான் மிகுதி. அவற்றைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்வதே இந்த அமைப்பின் பெரிய பயன்.

நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் வரை வேர்ப்போர்வை சிறப்பாக வேலை செய்கிறது. காயவே விடாமல் வைத்திருந்தால் அதுவே வேருக்குச் சுமையாகிவிடும். வேரின் உயிருள்ள பகுதி மூச்சுவிட்டாக வேண்டும். ஆக்சிஜன் அந்தப் போர்வையைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். போர்வையிலும் அதைச் சுற்றிய கலவையிலும் நீர் தேங்கி நின்றால் வேர் திணறுகிறது. திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலைகள் சுருங்குவது இதனால்தான். சுருங்கிய இலையைப் பார்த்தவர் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார். நீரில் நீந்திப் பரவும் வித்துகளைக் கொண்ட பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் கிருமிகளுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அப்படிப்பட்ட செடியைத் தொட்டியிலிருந்து உருவி, பழுப்பேறிய ஒரு வேரை விரலால் இழுத்தால் போர்வை முழுவதும் கழன்று வந்துவிடும். நடு இழை மட்டும் செடியோடு நிற்கும். கலவையிலிருந்து புளித்த வாடை வரும்.

ஆக, கலவை இந்தச் செடிக்குத் தர வேண்டிய முதல் பொருள் காற்று. சத்தை உரமாகக் கொடுத்துக்கொள்ளலாம், நீரைக் குழாயிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். வேரைச் சுற்றிக் காற்று நிற்பதற்கான இடத்தைக் கலவையைத் தவிர வேறெதுவும் தர முடியாது.

தங்குநீர்

பாத்திரம் கழுவும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்து, கையில் கிடைமட்டமாகப் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருக்கலாம். பிறகு அதை அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மீண்டும் தண்ணீர் வடியும். ஸ்பாஞ்சு மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. உயரம் மட்டும் கூடியிருக்கிறது. துளைகளின் சுவர்கள் நீரைப் பற்றி இழுக்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஸ்பாஞ்சின் அடிவிளிம்புக்குக் கீழே வெறும் காற்றுதான் என்பதால், அங்கே வந்த நீரை மேலும் கீழே இழுத்துச் செல்ல எதுவும் இல்லை. அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் அப்படியே நின்றுவிடுகிறது. தொட்டியிலும் நடப்பது இதுதான். அடித்துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கலவையின் கீழ்ப்பகுதியில் ஒரு நீரடுக்கு மிஞ்சும். அதைத் தங்குநீர் என்று அழைக்கலாம்.

தங்குநீரின் உயரத்தை நிர்ணயிப்பது கலவைத் துகள்களின் அளவு. துகள் பொடியாக இருந்தால் துளைகள் நுணுகி, நீர் உயர நிற்கும்; துகள் பருத்தால் தங்குநீர் தாழும். தொட்டியின் அகலமோ உயரமோ இதை மாற்றுவதில்லை. ஒரு கலவையில் தங்குநீர் 4 செ.மீ. என்று கொண்டால், 16 செ.மீ. உயரத் தொட்டியில் வேர்ப்பகுதியில் கால்பங்குதான் நீரில் நிற்கும். அதே கலவையை 8 செ.மீ. உயர அகலத் தட்டில் போட்டால் பாதிப் பகுதி நீரில் நிற்கும். அழகுக்காக வாங்கும் தாழ்ந்த கிண்ணத் தொட்டிகளில் இந்த ஆர்க்கிட் தேறாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

தொடக்கத்தில் சொன்ன புதிரும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. தரையில் மண்துளைகள் ஆழம் வரை அறுபடாமல் தொடர்கின்றன. மேல்மண்ணின் நீரை அடிமண் இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டியின் அடித்தட்டு அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. ஃப்ரீமான்டின் நைல்ஸ் பகுதியில் தரை இன்னும் தாராளமானது. அலமீடா ஓடை பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறும் இடத்தில் காலங்காலமாகக் கொட்டிய சரளைப் படிவத்தின் மேல் அமைந்த ஊர் அது. அந்தச் சரளையைத் தோண்டி எடுத்த குழிகள்தான் இன்றைய குவாரி லேக்ஸ் பூங்காவின் ஏரிகள். ஜான் ராக் 1865இல் தொடங்கிய கலிஃபோர்னியா நர்சரி கம்பெனி 1884இல் வந்து அமர்ந்ததும் நைல்ஸில்தான். வளைகுடாவை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் களிமண் மிகுதி. அங்கே தரையில் நடுவதானாலும் மேடு கட்டித்தான் நடவேண்டும்.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு அல்லது சரளையைப் பரப்பும் பழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. அது நீரை வடிக்காது. பொடிக் கலவைக்கும் பருங்கல்லுக்கும் இடையிலான எல்லையில் நீர் தயங்கி நிற்கும். தங்குநீர் அந்தச் சரளையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கான இடம் அவ்வளவும் குறையும். துளை வழியாகக் கலவை கொட்டிவிடாமல் தடுக்க ஒரு வலைத்துண்டு போதும்.

ஒரு தொட்டியை அளந்து பார்த்தல்

கலவையில் காற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். தண்ணீர் வடிந்து முடிந்தபின் கலவையின் மொத்தக் கொள்ளளவில் காற்று நிரம்பியிருக்கும் பங்கைக் காற்றிடம் எனலாம்.

நடுவதற்கு எடுத்து வைத்த தொட்டியிலேயே அளப்பது நல்லது. அதன் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டு, அதுவரை எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். 2,000 மி.லி. என்று கொள்ளலாம். நீரைக் கொட்டிவிட்டு, முதல் நாளே ஊறவைத்து வடித்த கலவையைக் கோடு வரை நிரப்பி, தொட்டியை இரண்டு மூன்று முறை தரையில் தட்டி அமர்த்த வேண்டும். ஊறவைக்காத மரப்பட்டை அளவின் நடுவிலேயே நீரைக் குடித்துக் கணக்கைக் குழப்பிவிடும். இனிச் சுவரோரமாக மெல்ல நீர் ஊற்றி, மேற்பரப்பில் நீர் மினுங்கும்போது நிறுத்தலாம். இப்போது எல்லாத் துளைகளிலும் நீர். அகன்ற பாத்திரத்தின் மேல் தொட்டியைத் தூக்கி வைத்து நாடாவைப் பிரித்தால் நீர் வடியத் தொடங்கும். அரைமணி நேரம் கழித்துப் பாத்திரத்தில் சேர்ந்த நீரை அளக்க வேண்டும். எவ்வளவு நீர் வெளியேறியதோ அவ்வளவு காற்று உள்ளே போயிருக்கிறது.

வடிந்தது 600 மி.லி. என்றால் காற்றிடம் நூற்றுக்கு 30. கடையில் பையில் வாங்கிய பொடியான பூந்தொட்டி மண்ணில் இதே சோதனை செய்து 200 மி.லி. மட்டும் வடிந்தால், நூற்றுக்கு 10. ரோஜாவும் துளசியும் அந்தப் பத்தில் காலம் தள்ளிவிடும். நாணல்தண்டு ஆர்க்கிட்டுக்கு 25க்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு.

பத்தை முப்பதாக உயர்த்த, அந்த மண்ணில் பெர்லைட் என்ற எடை குறைந்த கல்துகளை ஒரு கைப்பிடி கலந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கலந்து மீண்டும் அளந்தால் எண் அசையாது. சில வேளை குறையவும் செய்யும். பருமனான துகள்கள் மண்ணுக்குள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே புதைந்து கிடக்கும்போது அவற்றைச் சுற்றி இருப்பது அதே நுண்துளை மண்தான். பெருந்துகள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் அளவுக்குப் பெருகிய பிறகே இடைவெளிகள் திறக்கின்றன. ஆகவே பருமனான பொருளை அடிப்படையாக வைத்து அதில் பொடியைச் சிறிது சேர்ப்பதே சரியான வரிசை. சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் மூன்று மில்லிமீட்டர்ச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிட்டால், அந்த ஒரு வேலையே காற்றிடத்தைக் கணிசமாக உயர்த்தும்.

குளிரும் மழையும் சேர்ந்து வரும் ஊர்

இந்த ஆர்க்கிட்டின் தாயகத்தில் மழை பெரும்பாலும் வெதுவெதுப்பான பருவத்தில் பெய்கிறது. ஃப்ரீமான்டில் நேர்மாறு. ஆண்டு மழை 400 மி.மீ. அளவுக்குச் சற்று முன்பின். அதில் மிகப் பெரும்பங்கு நவம்பர் முதல் மார்ச் வரை பெய்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் வறண்டு கிடக்கும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும், சில இரவுகளில் உறைபனியும் படியும். அந்தக் குளிரில் செடி வளர்வது அரிது, இலை வழியாக நீர் போவதும் குறைவு. செடி நீர் கேட்காத மாதங்களில்தான் வானம் ஊற்றுகிறது.

2022 டிசம்பர் கடைசியிலிருந்து 2023 ஜனவரி நடுப்பகுதி வரை, வளிமண்டல ஆறுகள் எனப்படும் ஈரக்காற்றுப் பட்டைகள் ஒன்பது அடுத்தடுத்து கலிஃபோர்னியாவைத் தாக்கின. மொட்டைவெளியில் வைத்த தொட்டி அப்படிப்பட்ட மூன்று வாரங்களில் ஒருநாளும் காயாது. ஃப்ரீமான்டுக்கான கலவையை அந்த மூன்று வாரங்களை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகஸ்டில் விரைவாகக் காய்ந்தால் இன்னொரு முறை ஊற்றிக்கொள்ளலாம். ஜனவரியில் தேங்கிய நீரை வெளியே எடுக்க வழியில்லை.

பட்டையும் கல்லும் மட்டையும்

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் முன்பு ஆஸ்மண்டா என்ற பெரணியின் வேர்நாரைப் பயன்படுத்தினார்கள். அது அரிதாகி விலை ஏறிய காலத்தில், 1950களில், கலிஃபோர்னிய வளர்ப்பாளர்கள் ஃபிர் மரப்பட்டைக்கு மாறினார்கள். மர அறுவை ஆலைகள் கழிவாக ஒதுக்கிய பொருள் அது. அதே பத்தாண்டில், 1957இல், கென்னத் பேக்கர் தொகுத்த கையேடு ஒன்றைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. தொட்டிக்குத் தோட்டத்து மண் வேண்டாம், மணலும் பீட் என்ற மக்கிய பாசியும் அளந்து கலந்த தூய கலவையே போதும் என்று அது நர்சரிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. தொட்டிச்செடி வளர்ப்பு கைப்பழக்கத்திலிருந்து கணக்குக்கு மாறியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று ஃபிர் பட்டையோடு ரேடியேட்டா பைன் பட்டையும் கிடைக்கிறது. இந்த மரத்தின் சொந்த ஊர் ஃப்ரீமான்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மான்டரே கடற்கரை. நியூசிலாந்தில் தோட்டப் பயிராகிப் பெருகி, அதன் பட்டை கடல் கடந்து கலிஃபோர்னியாவுக்கே திரும்பி வருகிறது. எந்தப் பட்டையானாலும் நாளடைவில் மக்கும். மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் செடிக்குக் குறையும். பட்டைக்கென்றே 30-10-10 விகித உரம் ஒருகாலத்தில் பரவலானதற்கு அதுதான் காரணம்.

மக்காத பொருளும் வேண்டும். எரிமலைக் கண்ணாடியை உலையில் பொரித்துச் செய்யும் பெர்லைட் எடை குறைந்தது. கனமழையில் மிதந்து மேலே வந்துவிடும். ப்யூமிஸ் என்ற நுரைக்கல் சற்றுக் கனமானது, மிதப்பது குறைவு, நொறுங்காது. மாடத்தில் காற்றடித்தால் நெடிய தண்டுகளோடு தொட்டி சாயாமல் நிற்கவும் அந்தக் கனம் உதவும். மழையில் நிற்கப்போகும் தொட்டிக்கு ப்யூமிஸே மேல்.

மூன்றாவது, தென்னை. அமெரிக்கக் கடைகளில் விற்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் பல இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகின்றன. பொள்ளாச்சி வட்டாரம் இத்தொழிலின் பெரிய மையம். ஐந்து கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் அறுபது, எழுபது லிட்டராகப் பெருகும். அந்தப் பொடி நீரைப் பெருமளவு பிடித்துவைக்கும். காய்கறி நாற்றுக்கு அது வரம். இந்த ஆர்க்கிட்டுக்கு அளவோடுதான் பயன்படும். தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி விற்கும் ஹஸ்க் சிப்ஸ் கூடுதல் பொருத்தம். அது ஈரத்தையும் வைத்திருக்கும், இடைவெளியையும் விடும்.

தென்னம்பொருளில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே மிகுதி. பொள்ளாச்சி வியாபாரிகள் சரக்கை லோ ஈசி, ஹை ஈசி என்று பிரித்துச் சொல்வது இந்த உப்பின் அளவைத்தான். நன்னீரில் அலசினால் தளர்வாக இருக்கும் உப்பு போகும். நாரின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டிருக்கும் பகுதி அலசலுக்கு அசையாது. கால்சியம் வந்து அந்த இடத்தைப் பிடித்தால்தான் விலகும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்துப் பிறகு அலசுவது அதற்காக. பஃபர் செய்தது என்று பையில் அச்சிட்டிருந்தால் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது.

ஃப்ரீமான்டில் மழையில் நனையும் தொட்டிக்கு ஆறு பங்கு பட்டை, மூன்று பங்கு ப்யூமிஸ், ஒரு பங்கு ஹஸ்க் சிப்ஸ் நல்ல தொடக்கம். பட்டைத் துண்டுகள் பெரும்பாலும் 6 முதல் 12 மி.மீ. வரை இருக்கலாம். கூரை இறவாரத்தின் கீழ் வைப்பதானால் சிப்ஸை இரண்டு மூன்று பங்காக உயர்த்தலாம். சேலத்துக்கு மேலே ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா அமைந்திருக்கும் மலையில், மழையும் மிதவெப்பமும் ஒன்றாக வருவதால் செடி நீரைப் பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே தேங்காய் மட்டையின் பங்கைக் கூட்டினாலும் கெடுதி இல்லை. சென்னை வெயிலுக்குக் கரித்துண்டு, செங்கல் துண்டு, மட்டை என்ற பழைய கூட்டணி இன்றும் செல்லுபடியாகும்.

குழாய்த் தண்ணீரின் உப்பு

ஃப்ரீமான்டுக்குத் தண்ணீர் தரும் அலமீடா கவுன்டி நீர் வாரியம் சியரா மலைநீர், மாநிலக் கால்வாய் நீர், நைல்ஸ் நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. மலைநீர் மென்மையானது, நிலத்தடி நீர் கடினமானது. கோடை முழுவதும் குழாய்நீரும் உரமும் மாறிமாறி ஊற்றும் தொட்டியில் உப்பு சேரும். சுட்ட மண்தொட்டியானால் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும். மாதம் ஒருமுறை, உரம் கலக்காத நீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இருமடங்கு ஊற்றி வடியவிட்டால் அது கழுவப்படும். குளிர்கால மழை ஏறக்குறைய உப்பே இல்லாத நீர் என்பதால் மிச்சத்தை அது கழுவித் தருகிறது. காற்றிடம் நிறைந்த கலவையில் அந்த மழை நல்லதே செய்யும்.

மாற்றி நடும் வேளை

பட்டை மக்கி நொறுங்க நொறுங்கத் துகள் சிறுக்கிறது, தங்குநீர் உயர்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மாற்றி நடும்போது பழைய கலவையை எடுத்து அதே அளவைச் செய்து பார்த்தால், 30 இருந்த இடத்தில் 20க்கும் கீழே காணலாம். இலைகளில் அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால் வேர்களில் பாதி போயிருக்கும். மழை ஓயத் தொடங்கி, தண்டின் அடியில் பச்சை நுனியோடு புதுவேர் கிளம்பும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஃப்ரீமான்டில் மாற்றி நடுவதற்கு உகந்தவை. அழுகிய வேரை வெட்டிவிட்டு, செடி நிற்கும் அளவுக்கு மட்டும் ஆழமாக வைத்து, ஓரங்களில் கலவையை விரலால் தளர்வாக நிரப்பினால் போதும். அழுத்தினால் அளந்து வைத்த காற்றிடம் போய்விடும்.

பழைய தண்டுகளின் கணுவில் முளைக்கும் சேய்ச்செடிகளை, இரண்டு மூன்று வேர்கள் விரல்நீளம் வளர்ந்தபின் பிரித்துத் தனித்தொட்டியில் வைக்கலாம். தண்டின் மேற்பகுதியில் தொங்கும் நீண்ட வேர்களை வளைத்துக் கலவைக்குள் புதைக்க வேண்டியதில்லை. காற்றில் வளர்ந்து முதிர்ந்த வேர் ஈரக் கலவைக்குள் போனால் பெரும்பாலும் அழுகிவிடுகிறது. கலவைக்கான வேர்களைச் செடி அடிக்கணுவிலிருந்து புதிதாக விட்டுக்கொள்ளும். அவை இறங்கிப் பிடிக்கும் வரை ஒரு குச்சியில் தண்டைத் தளர்வாகக் கட்டி, இரண்டு வாரம் அரைநிழலில் வைத்து, மேற்பரப்பு காய்ந்தபின் மட்டும் நீர் ஊற்ற வேண்டும்.